கம்போடியாவுக்குச் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டுமா?

கேள்வி: கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது 62. நானும் மனைவியும் இதுவரை வெளிநாடு போனதில்லை. வருகிற ஜனவரியில், பொங்கல் முடிந்ததும், கம்போடியா போய் அங்கோர் வாட் பார்க்க ஆசை. எட்டு நாள் ஒதுக்கலாம். ஒரு சுற்றுலா நிறுவனம் தமிழ்ச் சமையல்காரரையே கூட அழைத்து வந்து மூன்று வேளையும் நம் சாப்பாடு போடுவதாகச் சொல்கிறது. எனக்கோ அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும். மீன், கோழி சாப்பிடுவேன். மாடு, பன்றி தொடமாட்டேன். மனைவி சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. ‘புத்த மத நாடுதானே, சைவத்துக்கு என்ன பஞ்சம்’ என்கிறார் நண்பர் ஒருவர். எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. குழுவோடு போவதா, தனியாகப் போவதா? – கரூர் வாசகர்

பதில்: தனியாகவே போங்கள் ஐயா.

சமையல்காரரோடு போகும் குழுக்களை நான் குறை சொல்லவில்லை. பயண ஏற்பாட்டாளன் என்ற முறையில் நானே அப்படிப்பட்ட குழுக்களை அனுப்பி வைக்கிறேன். நடக்கச் சிரமப்படும் பெற்றோரையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அந்தக் குழுவின் நாள் சாப்பாட்டைச் சுற்றித்தான் ஓடும். காலை எட்டு மணிக்கு இட்லி, மதியம் கோவிலை அரைகுறையாகப் பார்த்துவிட்டு பஸ் ஏறி சாம்பார் சாதத்துக்குத் திரும்புதல், இரவு சப்பாத்தி குருமா. கம்போடியாவின் பெரும்பான்மையினரான கெமர் மக்களின் அன்றாடச் சாப்பாடு நன்றாகக் கிடைப்பதோ காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள், சந்தையிலும் சாலையோரத்திலும். அந்த நேரத்தில் நீங்கள் ஹோட்டல் கூடத்தில் சட்னிக்குக் காத்திருப்பீர்கள். ஊர்ச் சாப்பாடு வேண்டும் என்று கடிதத்தில் அழுத்திச் சொல்லியிருக்கிறீர்கள். அதை வைத்தே இந்தத் திட்டம்.

முதலில் உங்கள் மனைவியின் சாப்பாட்டைத் தீர்த்துவிடுவோம். அது சரியாக அமைந்தால்தான் நீங்கள் நிம்மதியாகச் சாப்பிட முடியும். உங்கள் நண்பர் சொன்னது தப்பு. கம்போடியாவில் இருப்பது தேரவாத பௌத்தம். அங்கே துறவிகள் பிச்சைப் பாத்திரத்தில் எது விழுகிறதோ அதைச் சாப்பிடுவார்கள், மீனும் இறைச்சியும் உட்பட. ஊர் மக்களுக்கோ மீன் இல்லாமல் சமையலே இல்லை. காய்கறிக் குழம்பு என்று பெயர் இருக்கும், காயும் கீரையும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அடியில் ப்ராஹொக் என்ற புளித்த மீன் விழுது கரைந்திருக்கும்.

இந்த ப்ராஹொக்கைப் புரிந்துகொண்டால் கெமர் சமையலில் பாதி புரிந்துவிடும். நாட்டின் நடுவில் தோன்லே சாப் என்று ஒரு பெரிய ஏரி. அதை மீகாங் ஆற்றோடு இணைக்கும் ஆறு வருடத்துக்கு இரண்டு முறை திசை மாறி ஓடும். மழைக்காலத்தில் மீகாங் பெருகி, தண்ணீரை ஏரிக்குள்ளேயே தள்ளும். ஏரி ஐந்தாறு மடங்கு விரிந்து காட்டுக்குள் புகுந்துவிடும். அந்த மூழ்கிய காட்டில்தான் மீன் பெருகுகிறது. மழை ஓய்ந்ததும் தண்ணீர் வடியும். டிசம்பர், ஜனவரியில் சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாக ஆற்றோடு இறங்கி வரும். மீன் மலிவாகக் குவியும் அந்த வாரங்களில் வருடம் முழுவதற்கும் வேண்டியதை நசுக்கி, காயவைத்து, உப்பிட்டு ஜாடியில் அடைத்துப் புளிக்க வைப்பார்கள். அதுதான் ப்ராஹொக். வாடை தூக்கலாக இருக்கும். கருவாடு சாப்பிட்டுப் பழகியவர் என்றால் நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் போவதும் சரியாக அதைப் போட்டு வைக்கும் பருவத்தில்.

மனைவிக்கு இது ஒன்று மட்டுமல்ல. மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது, கோழிப் பொடி எல்லாம் சாதாரணமாகப் போகும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால், இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டு அதே குழம்பைத் தருவார்கள். ஏமாற்றும் எண்ணம் கிடையாது. அவர்கள் கணக்கில் மீன் சாஸ் உப்பு மாதிரி. அதனால் அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து நகரமான சியெம் ரீப்பில் இறங்கியதும் ஹோட்டல் வரவேற்பில் இருப்பவரிடம் கெமர் மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இறைச்சி, மீன், முட்டை, ப்ராஹொக், மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால், கோழிப் பொடி எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாக. அதை போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைவிட இது பத்து மடங்கு வேலை செய்யும்.

சீன வம்சாவளியினர் நிறைய உள்ள நாடு என்பதால், நீங்கள் தங்கப்போகும் சியெம் ரீப், தலைநகர் புனோம் பென் இரண்டு நகரங்களிலும் அவர்களுடைய புத்த மதச் சைவக் கடைகள் உண்டு. அங்கே டோஃபுவும் காளானும் போட்டுச் செய்த கெமர் குழம்புகளையே உங்கள் மனைவியும் சாப்பிடலாம். வெளிநாட்டுப் பயணிகளால் சியெம் ரீப்பில் வீகன் உணவகங்களும் பெருகிவிட்டன. இந்திய உணவகங்களும் இருக்கின்றன. அலுத்துப்போன ஓர் இரவுக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கொஞ்சம் அவல் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெறும் சோறு எந்தக் கடையிலும் கிடைக்கும், அருமையான சோறு.

அவருக்காகவே இருக்கும் தின்பண்டங்களும் உண்டு. மூங்கில் குழாய்க்குள் ஒட்டரிசி, காராமணி, தேங்காய்ப்பால் போட்டுத் தணலில் சுடும் க்ரலான். வாழைப்பழத்தை ஒட்டரிசிக்குள் வைத்து இலையில் சுற்றி வேகவைத்த அன்சம். இதில் பன்றி வைத்ததும் ஒன்று இருக்கிறது, கேட்டு வாங்கவும். பிறகு பனை. கம்போடியாவின் தேசிய மரமே பனைதான். வயல் வரப்பெல்லாம் நம் தென்மாவட்டம் மாதிரி நிற்கும். ஜனவரியில் பதநீர் இறக்கும் காலம். சாலையோரத்தில் பெரிய கடாயில் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள், சின்னச் சின்ன வில்லைகளாக ஓலையில் பொதிந்து விற்பார்கள். நம் கருப்பட்டியைவிட நிறம் வெளுப்பு, காரல் குறைவு.

இனி உங்கள் பங்கு. சியெம் ரீப்பிலிருந்து பந்தியாய் ஸ்ரீ கோவிலுக்குப் போகும் வழியில் ப்ரெயா டாக் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே சாலையின் இருபக்கமும் நோம் பான்ச்சொக் கடைகள். அரிசியை ஊறவைத்து, அரைத்து, புளிக்கவிட்டு, இடியாப்பம் போல அச்சில் பிழிவார்கள். ஆனால் நேராகக் கொதிநீருக்குள். அதன்மேல் எலுமிச்சைப்புல், மஞ்சள் சேர்ந்த மீன் குழம்பை இளஞ்சூட்டில் ஊற்றி, நறுக்கிய வாழைப்பூ, வெள்ளரி, பயத்தங்காய், அல்லித்தண்டு எல்லாம் பச்சையாகப் போட்டுத் தருவார்கள். காலைச் சாப்பாடு இது. கம்போடியாவில் ஒரே ஒரு வேளைதான் சாப்பிடலாம் என்று யாராவது என்னைக் கட்டிப்போட்டால் இதைத்தான் கேட்பேன். ஏழரை மணிக்கு அங்கே சாப்பிட்டுவிட்டுக் கோவிலுக்குப் போங்கள். பந்தியாய் ஸ்ரீ 967-ல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோவில்; செம்மணற்கல்லில் மரவேலை போன்ற செதுக்கல். ஆடும் சிவனுக்குப் பக்கத்தில் வற்றி மெலிந்த பெண் உருவம் ஒன்றைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். கிழக்கு வாயில் முகப்பில் அண்ணாந்து தேடுங்கள், வழிகாட்டிகள் பலர் அதைச் சொல்லாமலே கடந்துவிடுவார்கள்.

அமொக் எல்லாரும் சொல்லும் பதார்த்தம். மீன், தேங்காய்ப்பால், முட்டை, க்ரூங் எனப்படும் பச்சை மசாலா விழுது, அடியில் நுணா இலை. இவற்றை வாழையிலைக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைக்கவேண்டும். வெந்தது சீம்பால் கட்டி போல அசையவேண்டும். பயணிகள் மொய்க்கும் பப் ஸ்ட்ரீட் பக்கம் பல கடைகளில் அமொக் என்று தருவது தேங்காய்ப்பால் மீன் குழம்பு. ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அமொக் அல்ல. ஆர்டர் செய்யும்போதே ‘ஆவியில் வேகவைத்ததா?’ என்று கேளுங்கள். கொஞ்சம் நேரமாகும் என்று பதில் வந்தால் உட்காருங்கள்.

அந்த க்ரூங் விழுதுதான் கெமர் மணம். எலுமிச்சைப்புல், பேரரத்தை, பசுமஞ்சள், காட்டு எலுமிச்சை இலை, பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து உரலில் இடிப்பது. கவனித்தீர்களா, மிளகாய் பெரும்பாலும் பேருக்குத்தான். தாய்லாந்துக் காரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். இங்கே புளிப்பும் லேசான இனிப்பும் கசப்புக் கீரைகளும்தான் ஆட்டம். மிளகாய் தனியாகக் கிண்ணத்தில் வரும். முதல் இரண்டு நாள் ‘சப்பென்று இருக்கிறதே’ என்று தோன்றும். மூன்றாம் நாள் நாக்கு பழகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்லோ கொர்கோ கேட்டுச் சாப்பிடுங்கள். பப்பாளிக்காய், வாழைக்காய், பூசணி, கத்தரி, கிடைக்கிற கீரை எல்லாம் போட்டு, வறுத்துப் பொடித்த அரிசி தூவிக் கிளறும் கெட்டியான குழம்பு; ப்ராஹொக் இதில் அடங்கியே இருக்கும். கெளுத்தி மீன் போட்டதைக் கேளுங்கள், பன்றி போட்டும் செய்வார்கள். புளிக்குழம்பு பிடிக்குமென்றால் சம்லோ மச்சு, மீனும் வள்ளைக்கீரையும் புளியும். இஞ்சியை மெல்லிசாகக் கீறிக் கோழியோடு வதக்கும் சா க்ஞேய் எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும். சுட்ட மீனும் பச்சை மாங்காய்த் தொக்கும் தோன்லே சாப் பக்கம் நன்றாக இருக்கும். உப்பும் மிளகும் எலுமிச்சைச் சாறும் குழைத்த ஒரு தொட்டுக்கை வரும். மிளகு, அதற்குப் பெயர்போன கம்போட் பகுதியிலிருந்து வந்ததாக இருந்தால் அதற்காகவே இன்னொரு கோழித்துண்டு கேட்பீர்கள்.

பன்றியைப் பற்றி எச்சரிக்கை. காலையில் ஊரே சாப்பிடும் குய் தியு நூடுல்ஸில் மேலே மீன் உருண்டை போட்டிருந்தாலும் அடியில் இருக்கும் சாறு பன்றி எலும்பில் காய்ச்சியது. ‘ப்ராஹொக் க்திஸ்’ என்று தேங்காய்ப்பாலோடு வரும் தொட்டுக்கையில் கொத்திய பன்றி இறைச்சி சேரும். ப்ராஹொக் பெயர் பார்த்து ஆசையில் வாங்கிவிடாதீர்கள். லொக் லாக் மாட்டிறைச்சி. சில கடைகளில் கோழியிலும் செய்வார்கள். சாம் முஸ்லிம்கள் நடத்தும் ஹலால் கடைகளில் பன்றிக் கவலை இல்லை, மாடு இருக்கும். உங்களுக்கும் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்த அழுத்தம் என்றீர்கள். ப்ராஹொக், மீன் சாஸ், மிளகுத் தொட்டுக்கை மூன்றும் உப்பு. குழம்பைக் குடிக்காமல் காயையும் மீனையும் எடுத்துச் சாப்பிடுங்கள்; சோறு அதிகம், குழம்பு குறைவு. போகுமுன் உங்கள் மருத்துவரைப் பார்த்து, டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். இறங்கிய முதல் நாள் சந்தைச் சாப்பாடும் பச்சைக் காயும் வேண்டாம். வயிறு ஒரு நாள் பழகட்டும்.

வாய்ப்பு இருந்தால் சியெம் ரீப்பில் அரைநாள் சமையல் வகுப்பு ஒன்றில் இருவரும் சேருங்கள். காலையில் சந்தைக்குக் கூட்டிப்போய்ப் பொருள் வாங்கி, உங்கள் கையாலேயே க்ரூங் இடிக்கவைப்பார்கள். உங்கள் மனைவிக்கு இதுதான் தலைசிறந்த வழி: மீன் சாஸுக்குப் பதில் உப்பு, மீனுக்குப் பதில் காளான், முட்டை இல்லாமல் என்று முன்பதிவின்போதே சொல்லிவிட்டால், உள்ளே என்ன போனது என்ற சந்தேகமே இல்லாமல் சாப்பிடலாம். ஒன்றை மனத்தில் வையுங்கள். 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் வீட்டில் அடுப்பு மூட்டுவதே குற்றமாக இருந்தது. பொதுக்கூடத்தில் நீர்த்த கஞ்சி ஊற்றினார்கள், பட்டினியிலும் நோயிலும் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். தப்பிப் பிழைத்த பாட்டிமார்களின் நினைவிலிருந்துதான் பழைய பதார்த்தங்கள் பல திரும்பி வந்திருக்கின்றன. ரோஸ் ரொதானாக் போன்ற சமையற்கலைஞர்கள் ஊர் ஊராகப் போய் அவற்றைத் திரட்டுகிறார்கள். உங்கள் வயதுக்காரர்களோடு பேசும்போது அந்தக் காலத்தைத் துருவிக் கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் கேளுங்கள்.

நாட்களைப் பிரிக்கும் விதம்: சியெம் ரீப்பில் ஐந்து இரவு, புனோம் பென்னில் இரண்டு. சென்னையிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர் அல்லது பாங்காக் வழியாகப் போகவேண்டும். முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். இரண்டு தனி டிக்கெட் மலிவாகத் தெரியும், ஆனால் இடையில் பெட்டியை எடுத்து, அந்த நாட்டுக் குடியேற்றத்தைக் கடந்து, மறுபடி செக்-இன் செய்யும் தலைவலி முதல் பயணத்துக்கு வேண்டாம். சியெம் ரீப்பில் இறங்கி, புனோம் பென்னிலிருந்து திரும்புங்கள். இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் ஆறு மணி நேரம். இரண்டு ஊர்களிலும் விமான நிலையம் புதுசு, ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிறது. சியெம் ரீப் நிலையம் 2023-ல் திறந்தது, ஊருக்குள் வர ஒரு மணி நேரம் ஆகலாம். ஹோட்டலிலேயே வண்டி சொல்லிவிடுங்கள். தாய்லாந்தையும் சேர்த்துச் சாலை வழியாகக் கடக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025-ல் எல்லையில் மோதல் நடந்து சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. டிக்கெட் போடுமுன் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையையும் ஒருமுறை பாருங்கள்.

அங்கோர் அனுமதிச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டை வாங்குங்கள். பத்து நாளுக்குள் ஏதாவது மூன்று நாள் போகலாம், தொடர்ந்து போகவேண்டியதில்லை. ஒரு நாள் கோவில், ஒரு நாள் சந்தையும் சமையலும் என்று மாற்றி மாற்றி வைத்தால் முழங்காலும் பிழைக்கும். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். பயோன் கோவிலில் முகக் கோபுரங்களைப் படம் எடுத்துவிட்டு ஓடிவிடாமல் தெற்குப் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். அந்தக் கோவிலைக் கட்டிய அரசன் ஏழாம் ஜெயவர்மன் காலத்துச் சமையற்கட்டே அங்கே இருக்கிறது: மீனைக் குச்சியில் குத்திச் சுடுகிறார்கள், பன்றியைக் கொதிக்கும் பானையில் இறக்குகிறார்கள், சந்தையில் பெண்கள் உட்கார்ந்து விற்கிறார்கள். காலையில் நீங்கள் சந்தையில் பார்த்த காட்சிகள்தான்.

காகித வேலைக்கு வருவோம். பாஸ்போர்ட் பயணத் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். சுற்றுலா விசாவை கம்போடிய அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் இணையத்திலேயே வாங்கலாம், 30 டாலர் அளவில் ஆகும். அதே பெயரில் இரட்டிப்புக் கட்டணம் வாங்கும் இடைத்தரகுத் தளங்கள் பல உண்டு. விமானம் ஏறுவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் ஒன்றும் நிரப்பவேண்டும், அது இலவசம்.

சென்னை விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி கொஞ்சம் கூடுதலாகக் கேள்வி கேட்டால் பதறாதீர்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று ஆசை காட்டி நம் பிள்ளைகளைக் கம்போடியாவுக்குக் கூட்டிப்போய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த கதைகளைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அதனால் வரும் கேள்விகள் அவை. திரும்பும் டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு, விசா, ஓய்வூதிய அட்டை எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்: அங்கே அமெரிக்க டாலரும் ரியெலும் சேர்ந்தே புழங்கும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியெல். இங்கே வங்கியிலோ அனுமதி பெற்ற அந்நியச் செலாவணிக் கடையிலோ டாலர் வாங்கும்போது புத்தம் புது நோட்டாகக் கேளுங்கள், சின்ன நோட்டும் சேர்த்து. வங்கிக்காரருக்கு நான் சொல்லவேண்டுமா என்ன, ஆனாலும் சொல்கிறேன்: ஓரம் துளி கிழிந்திருந்தாலும் அங்கே வாங்கமாட்டார்கள். சந்தையில் ஒரு தட்டு நோம் பான்ச்சொக் ஒன்றிரண்டு டாலருக்குள் முடிந்துவிடும். உட்கார்ந்து சாப்பிடும் நல்ல உணவகத்தில் ஒரு பதார்த்தம் நான்கிலிருந்து எட்டு டாலர். டுக்-டுக்கை செயலியில் பிடித்தால் பேரம் பேசும் வேலை இல்லை.

வறுத்த சிலந்தி, வெட்டுக்கிளி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது பயமுறுத்துவார்கள். புனோம் பென் சாலையில் ஸ்குவன் என்ற ஊரில் பஸ் நின்றால் தட்டில் குவித்து விற்பார்கள். யாரும் உங்கள் வாயில் திணிக்கப்போவதில்லை. மனைவியைச் சன்னல் பக்கம் உட்காரவைக்காதீர்கள், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது கம்போட் மிளகு வாங்கி வாருங்கள். புவிசார் குறியீட்டு முத்திரை உள்ள பொட்டலமாகப் பார்த்து வாங்கவும், சந்தையில் அந்தப் பெயரில் எது எதையோ விற்கிறார்கள். பனை வெல்லமும் வாங்கலாம். ப்ராஹொக் ஜாடியை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். உடைந்தால் உங்கள் துணி மட்டுமல்ல, பக்கத்துப் பெட்டிக்காரர் துணியும் போய்விடும்.